திறக்காமல் கண்டவர்

நுழையும்முன்

மூடிய பெட்டிக்குள் இருப்பதை அறிய அதைத் திறந்து பார்க்கலாம். மூடியிருப்பது மனிதனின் மண்டையோடாக இருந்தால் என்ன செய்வது? உள்ளே வளரும் கட்டியின் இடத்தையும் அளவையும் அறியாமல் மருத்துவர் கத்தியை எடுத்தல் இயலாது. திறப்பதற்கு முன்னரே உள்ளே இருப்பதைக் காணும் வழியை மருத்துவம் நெடுங்காலம் தேடியது. அவ்வழியைச் செம்மைப்படுத்திய கணக்கு ஒன்றைத் தந்தவர், தாமிரபரணிக் கரைநாட்டு ஊரின் பெயரைத் தம் முதலெழுத்தாகக் கொண்ட தமிழர். மருத்துவம் பயிலாத அந்த இயற்பியல் அறிஞரின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

முதலெழுத்தில் வாழும் ஊர்

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, பாபநாசத்தில் சமவெளியை அடைந்து, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வழியாகத் திருநெல்வேலியை நோக்கிப் பாய்கிறது. அவ்வாற்றின் வளத்தால் வயல் செழிக்கும் ஊர்களுள் ஒன்று கோபாலசமுத்திரம். கோரைப்பாய்க்குப் புகழ்பெற்ற பத்தமடைக்கு அருகில் உள்ள ஊர் அது. பிழைப்பும் பணியும் தேடி வெளியூர் சென்ற குடும்பத்தார் பலர், ஊரின் பெயரைத் தம் பெயருக்கு முன்னே ஏந்திச் செல்வது திருநெல்வேலிச் சீமையின் வழக்கம். ஜி. என். இராமச்சந்திரன் என்னும் பெயரில் உள்ள முதலெழுத்து கோபாலசமுத்திரத்தைக் குறிக்கும். அடுத்த எழுத்து தந்தையார் நாராயணரைக் குறிக்கும்.

இராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் நாராயண ஐயர் அந்நகரின் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியராகவும் பின்னர் முதல்வராகவும் விளங்கியவர். தாயார் இலட்சுமி அம்மாள். கணிதம் அக்குடும்பத்தில் பாடநூலுக்குள் அடங்கிய ஒன்றாக இல்லாமல் அன்றாடப் பேச்சாகவே இருந்தது. எதையும் எண்ணாலும் வடிவாலும் சிந்திக்கும் பழக்கம் சிறுவர் இராமச்சந்திரனிடம் வேரூன்ற அச்சூழலே காரணமாயிற்று.

ஆசானும் மாணவரும்

திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று 1942இல் பட்டம் பெற்ற இராமச்சந்திரன், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அங்கு இயற்பியல் துறைக்குத் தலைமை தாங்கியவர் நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன். மாணவரின் கூர்மையைக் கண்ட இராமன், இவர் இயற்பியலுக்கே உரியவர் என்று மின்பொறியியல் துறைத் தலைவரிடம் எடுத்துரைத்துத் தம் துறைக்கு அழைத்துக்கொண்டதாகக் கூறுவர்.

இராமனிடம் பயின்ற ஆண்டுகளில் படிகங்களின் மீது ஊடுகதிர் விழும்போது அது எவ்வாறு சிதறுகிறது என்பதை இராமச்சந்திரன் ஆராய்ந்தார். படிகத்துள் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் ஒழுங்கைக் கண்ணால் காண இயலாது. ஆயினும், ஊடுகதிர் சிதறி வரைந்த புள்ளிகளைக் கொண்டு அவ்வொழுங்கைக் கணக்கிட்டு அறியலாம். வெளியே கிடைக்கும் தடயத்திலிருந்து உள்ளே இருக்கும் வடிவத்தை மீட்டெடுக்கும் இக்கலையே அவருடைய வாழ்நாள் பணியாக அமைந்தது.

1947இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் முனைவர் பட்டம் பெற்ற அவர், அதே ஆண்டில் இங்கிலாந்துக்குச் சென்றார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஊஸ்டர் என்னும் அறிஞரின் வழிகாட்டுதலில் மற்றுமொரு முனைவர் பட்டம் பெற்று, 1949இல் பெங்களூருவுக்குத் திரும்பினார்.

சென்னையில் மலர்ந்த முச்சுருள்

அக்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் மருத்துவ அறிஞர் ஆ. இலட்சுமணசாமி முதலியார். புதிய இயற்பியல் துறைக்குத் தலைவர் ஒருவரைத் தேடிய அவருக்கு இராமன் பரிந்துரைத்த பெயர் இராமச்சந்திரன். 1952இல், முப்பதை எட்டாத வயதில், கிண்டி வளாகத்தில் அவர் பேராசிரியராகவும் துறைத் தலைவராகவும் பொறுப்பேற்றார்.

துறை புதிது, கருவிகள் சில. எதை ஆராய்வது என்னும் கேள்வி எழுந்தபோது, சென்னைக்கு வந்திருந்த ஆங்கில அறிஞர் பெர்னால், கொலாஜன் என்னும் புரதத்தின் கட்டமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்பதை எடுத்துக்காட்டினார். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு உறுதி தரும் புரதம் கொலாஜன். தோலை ஆராயும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் பல்கலைக்கழக வளாகத்தின் பக்கத்திலேயே இருந்தது. அந்நிறுவனத்தின் உதவியால் கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. தம் ஆய்வுத்துணைவர் கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து அதன் ஊடுகதிர்ப் படங்களை ஆராய்ந்த இராமச்சந்திரன், 1954இல் கொலாஜனின் அமைப்பு மூன்று இழைகளால் ஆனது என்று நேச்சர் இதழில் வெளியிட்டார். அம்மூன்று இழைகளும் கயிறு திரிப்பதுபோல் ஒன்றையொன்று சுற்றிச் செல்கின்றன என்பதை 1955இல் மேலும் விளக்கினார். ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம் அமைவதன் காரணமும் அதனால் புலப்பட்டது. இழைகள் நெருங்கும் உட்பகுதியில் அதனைவிடப் பெரிய ஒன்றுக்கு இடமில்லை.

மாற்றுரையிலிருந்து எழுந்த வரைபடம்

இப்பெருமை எதிர்ப்பின்றி வரவில்லை. டி.என்.ஏ. அமைப்பைக் கண்ட கிரிக்கும் அவருடன் இணைந்த ரிச்சும், முச்சுருள் அமைப்பில் சில அணுக்கள் ஒன்றையொன்று அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்று 1955இல் குறை கூறினர். தங்களுடைய மாற்று அமைப்பையும் முன்வைத்தனர். முச்சுருள் என்னும் அடிப்படை நிலைத்து நின்றது. ஹைட்ரஜன் பிணைப்புகளைப் பற்றிய நுட்பத்தில் திருத்தம் ஏற்பட்டது.

குறை கூறப்பட்டவர் சினந்திருக்கலாம்; சோர்ந்திருக்கலாம். இராமச்சந்திரன் அக்குறையையே ஒரு கேள்வியாக மாற்றிக்கொண்டார். அணுக்கள் உண்மையில் எவ்வளவு தொலைவு வரை நெருங்கலாம்? அதுவரை அறியப்பட்டிருந்த படிக அமைப்புகளைத் திரட்டி, அவற்றில் அணுக்களிடையே உள்ள தொலைவுகளை அவரும் மாணவர்களும் அட்டவணைப்படுத்தினர். புரத இழையின் ஒவ்வோர் இணைப்பிலும் இரண்டு கோணங்கள் திரும்ப இடமுண்டு. அக்கோணங்களின் எந்தெந்தச் சேர்க்கை இயலும், எது இயலாது என்பதை ஒரே கட்டத்தில் வரைந்து காட்டினர். சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் அவர் வெளியிட்ட அக்கட்டமே இராமச்சந்திரன் வரைபடம் என்று உலகெங்கும் வழங்குகிறது. புதிதாக ஒரு புரத அமைப்பைக் கண்டறிவோர் இன்றும் அதனை அவ்வரைபடத்தில் வைத்துச் சோதிக்கின்றனர். பிறர் சுட்டிய குறை, பிழையறியும் கருவியாக அவர் கையில் வடிவம் பெற்றது.

மண்டையோட்டின் மறைபொருள்

இங்குச் சற்றே மருத்துவத்தின் பக்கம் திரும்புதல் வேண்டும். ஊடுகதிர் 1895இல் கண்டுபிடிக்கப்பட்டபின் முறிந்த எலும்பைக் காண்பது எளிதாயிற்று. மூளையைக் காண்பதோ எளிதாகவில்லை. காரணம், ஊடுகதிர்ப் படம் ஒரு நிழல். முன்னும் பின்னும் உள்ள அனைத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக அந்நிழலில் படிந்துவிடும். கடினமான மண்டையோட்டின் நிழலில் மென்மையான மூளையும் அதனுள் வளரும் கட்டியும் மறைந்துபோகும்.

அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டேண்டி 1918இல் மூளையின் உள்ளறைகளில் காற்றைச் செலுத்திப் படமெடுக்கும் முறையைக் கண்டார். அறையின் வடிவம் நெளிந்திருந்தால் அருகில் கட்டி இருப்பதாக ஊகிக்கலாம். போர்ச்சுகல் நாட்டு எகாஸ் மோனிஸ் 1927இல் இரத்தக் குழாய்களில் மருந்தைச் செலுத்திப் படமெடுத்தார். இம்முறைகள் நோயாளிக்குக் கடுந்துன்பமும் சில வேளைகளில் ஆபத்தும் தந்தன. அவற்றாலும் கட்டி நேராகத் தெரியவில்லை. அது தள்ளிய இடங்களே தெரிந்தன. அரைகுறைத் தடயத்தை நம்பியே மருத்துவர் மண்டையோட்டைத் திறக்க வேண்டியிருந்தது.

நான்கு கட்டங்களில் ஒரு கணக்கு

ஒரு திசையில் எடுத்த நிழல் ஏமாற்றும். பல திசைகளில் எடுத்தால்? ஒரு சதுரத்தை நான்கு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஓர் எண் மறைந்திருப்பதாகக் கொள்வோம். கிடைவரிசைகளின் கூட்டுத்தொகை மேலே 2, கீழே 6. நெடுவரிசைகளின் கூட்டுத்தொகை இடப்பக்கம் 2, வலப்பக்கம் 6. இவற்றை மட்டும் கொண்டு மறைந்த எண்களை உறுதியாகக் கூற இயலாது. ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் பொருந்தும். மேல் இடக்கட்டத்தையும் கீழ் வலக்கட்டத்தையும் இணைக்கும் மூலைவிட்டத்தின் கூட்டுத்தொகை 6, மற்றொரு மூலைவிட்டத்தின் கூட்டுத்தொகை 2 என்றும் தெரிந்துவிட்டால் விடை ஒன்றே: மூன்று கட்டங்களில் 1, கீழ் வலக்கட்டத்தில் 5. கட்டத்தைத் திறக்காமலே உள்ளே இருப்பது தெரிந்துவிட்டது. அந்த 5 இருக்கும் இடத்தையே கட்டி இருக்கும் இடமாகக் கருதிப் பாருங்கள்.

தலையின் வழியே செல்லும் ஒவ்வோர் ஊடுகதிரும் தன் பாதையில் உள்ள திசுக்கள் அனைத்தும் தன்னை எவ்வளவு தடுத்தன என்னும் மொத்தக் கணக்கைக் கொண்டுவருகிறது. எல்லாத் திசைகளிலும் கூட்டுத்தொகை கிடைத்தால் உள்ளமைப்பை மீட்கலாம் என்பதை ஆஸ்திரியக் கணித அறிஞர் ராடான் 1917இலேயே நிறுவியிருந்தார். நான்கு கட்டங்களுக்கு மனக்கணக்குப் போதும். ஆயிரக்கணக்கான கட்டங்களுக்கு விரைவும் துல்லியமும் உடைய கணக்கீட்டு முறை தேவைப்பட்டது.

மங்கலை நீக்கிய முறை

புரத மூலக்கூறுகளின் மின்னணு நுண்ணோக்கிப் படங்களிலிருந்து முப்பரிமாண வடிவத்தை மீட்பது எவ்வாறு என்னும் ஆய்வில் 1970ஆம் ஆண்டையொட்டி இராமச்சந்திரன் ஈடுபட்டிருந்தார். பலதிசை நிழல்களிலிருந்து வடிவத்தை மீட்கும் கணக்கு, மூலக்கூறுக்கும் மனிதத் தலைக்கும் ஒன்றே என்பதை அவர் உணர்ந்தார்.

எளிய வழி ஒன்று முன்பே இருந்தது. ஒவ்வொரு திசையிலும் கிடைத்த நிழலை, அது வந்த பாதையிலேயே திரும்பப் பரப்ப வேண்டும். எல்லாத் திசைகளிலிருந்தும் பரப்பிய கோடுகள் பத்தமடைப் பாயின் இழைகளைப்போல் ஒன்றையொன்று வெட்டும். கட்டி இருக்கும் இடத்தில் அவை மிகுதியாகக் குவியும். ஆயினும் ஒவ்வொரு கோடும் தான் கடந்த இடமெல்லாம் சிறிது கறையை விட்டுச் செல்வதால் படம் மூடுபனியில் கண்ட காட்சிபோல் மங்கிவிடும். ஃபூரியர் உருமாற்றம் என்னும் கணித முறையால் மங்கலை நீக்கலாம். அதற்கு அக்காலக் கணினிகளில் நெடுநேரம் ஆகும்.

இராமச்சந்திரனும் ஏ. வி. இலட்சுமிநாராயணனும் வேறு வழி கண்டனர். நிழலைத் திரும்பப் பரப்பும் முன்பே அதனைத் திருத்திவிட வேண்டும். நிழலின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும், அதன் அண்டைப் புள்ளிகளின் மதிப்பில் குறித்த பங்கைக் கழிக்க வேண்டும். தொலைவு கூடக்கூடக் கழிக்கும் பங்கு குறைந்துகொண்டே செல்லும். அப்பங்குகளை ஒருமுறை கணக்கிட்டு வைத்துக்கொண்டால் எல்லாத் திசைகளுக்கும் அவையே பயன்படும். இவ்வாறு திருத்திய நிழல்களைப் பரப்பும்போது, ஒன்று விட்ட கறையை மற்றொன்று அழித்துவிடத் தெளிவான படம் எஞ்சும். இதனை விளக்கும் கட்டுரை 1971 செப்டம்பரில் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. வானொலி வானியலில் பிரேஸ்வெல், ரிடில் ஆகியோர் 1967இல் இதையொத்த முறையைக் கண்டிருந்தனர். விண்மீனை நோக்கியவர்களும் மூலக்கூறை நோக்கியவர்களும் ஒரே கணக்கை வந்தடைந்தது வியப்பிற்குரியது.

லண்டனில் ஓர் அக்டோபர் நாள்

அதே காலத்தில் இங்கிலாந்தில் காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு என்னும் பொறியாளர், தலையைச் சுற்றிவந்து படமெடுக்கும் கருவியை உருவாக்கிக்கொண்டிருந்தார். அவருடைய தொடக்கச் சோதனையில் ஒரு படத்துக்கு உரிய அளவீடுகளைத் திரட்ட 9 நாள்கள் ஆயின. கணினி அதனைப் படமாக்க இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. விரைவுபடுத்தப்பட்ட கருவி, 1971 அக்டோபர் 1ஆம் நாள் லண்டனின் விம்பிள்டன் பகுதியில் உள்ள அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதன்முதலாக ஒரு நோயாளியைப் படமெடுத்தது. மூளையின் முன்மடலில் கட்டி இருக்கக்கூடும் என்று மருத்துவர் ஐயுற்ற பெண்மணி அவர். மண்டையோட்டைத் திறக்காமலே அவருடைய மூளையில் இருந்த கட்டி படத்தில் தெரிந்தது.

அம்முதற்கருவி வேறொரு கணக்கீட்டு முறையைக் கையாண்டது. அடுத்து வந்த ஆண்டுகளில், விரைவும் தெளிவும் கருதி இராமச்சந்திரன் முறையும் அதிலிருந்து செம்மைப்படுத்தப்பட்ட முறைகளும் சி.டி. ஸ்கேன் கருவிகளில் பரவலாக இடம்பெற்றன. இருவர் பெயரையும் சுருக்கி இணைத்து அதனை ராம்–லக் வடிப்பான் என்று உலகப் பொறியியல் மாணவர் வழங்குகின்றனர். தமிழர் செவிக்கு அப்பெயர் உடன்பிறந்தார் இருவரை நினைவூட்டுவது இயல்பே. ஹவுன்ஸ்ஃபீல்டும், இக்கணக்கின் முன்னோடியான கார்மாக்கும் 1979இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

படத்திலிருந்து வழிகாட்டிக்கு

தலையின் பல அடுக்குகளைப் படமெடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் முப்பரிமாண உருவம் கிடைக்கும். எம்.ஆர்.ஐ. என்னும் காந்த ஒத்ததிர்வுப் படம், வேறு இயற்பியல் நெறியால் மூளையின் மென்திசுக்களை இன்னும் நுட்பமாகக் காட்டுகிறது. எலும்பைத் தெளிவாகக் காட்டும் படத்தையும் மென்திசுவைத் தெளிவாகக் காட்டும் படத்தையும் கணினியில் பொருத்தி, கட்டி, இரத்தக் குழாய், பேச்சையும் இயக்கத்தையும் ஆளும் பகுதி ஆகியவற்றை வெவ்வேறு வண்ணத்தில் பிரித்துக் காட்ட இயலும். கதிரியக்கச் சிகிச்சையில் எத்திசையிலிருந்து எவ்வளவு கதிரைச் செலுத்துவது என்று திட்டமிடுவதும் சி.டி. படத்தின் துணைகொண்டே.

இதன் அடுத்த படியே கலப்பு மெய்ம்மை. அறுவை மருத்துவர் ஒளி ஊடுருவும் கண்ணாடி ஒன்றை அணிந்துகொள்கிறார். அதன் வழியே நோயாளியின் தலையையும் பார்க்கிறார். கணினி உருவாக்கிய கட்டியின் முப்பரிமாண உருவம் அத்தலைக்குள் உரிய இடத்தில் இருப்பதையும் பார்க்கிறார். நோயாளியின் தலையில் குறித்த புள்ளிகளையும் படத்தில் உள்ள அதே புள்ளிகளையும் கணினி ஒன்றோடொன்று பொருத்துவதால் இது இயல்கிறது. எவ்விடத்தில் கீறுவது, எவ்வழியே சென்றால் பேச்சுப் பகுதிக்கு ஊறு நேராது என்பதை முன்னரே கண்டு திட்டமிடலாம்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. மண்டையோடு திறக்கப்பட்டு நீர்மம் வெளியேறும்போது மூளை தன் இடத்திலிருந்து சற்றே நகர்ந்துவிடும். முன்னர் எடுத்த படம் அந்நகர்வை அறியாது. அப்போது மருத்துவரின் பட்டறிவும் அறுவையின்போதே எடுக்கும் புதிய படமும் துணைநிற்க வேண்டும். எவ்வளவு அழகாகத் தோன்றினாலும், அளவோடு பொருந்தாத உருவம் வழிதவறச் செய்யும். தம் முச்சுருளின் ஒவ்வோர் அணுவிடைத் தொலைவையும் மீண்டும் அளந்து பார்த்த இராமச்சந்திரனின் வாழ்க்கை கற்பிக்கும் பாடமும் அதுவே.

இறுதி ஆண்டுகள்

சென்னையிலிருந்து விடைபெற்ற இராமச்சந்திரன், 1971இல் இந்திய அறிவியல் நிறுவனத்தில் மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவைத் தோற்றுவித்தார். சிகாகோ பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராகப் பணியாற்றினார். 1961இல் பட்நாகர் விருதும் 1977இல் இலண்டன் ராயல் கழக உறுப்பினர் தகுதியும் அவரை வந்தடைந்தன. இசையிலும் மெய்யியலிலும் ஈடுபாடு மிக்க அவர், பிற்காலத்தில் இந்திய அளவையியலைக் கணித மொழியில் அமைக்க முயன்றார். 1945இல் அவரை மணந்த இராஜலட்சுமி அம்மையார் 1998இல் மறைந்தார். அப்பிரிவும் நடுக்குவாத நோயும் அவரைத் தளர்த்தின. படிகவியலின் உயரிய எவால்டு பரிசு 1999இல் அவருக்கு வழங்கப்பட்டது. 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் அவர் இயற்கை எய்தினார்.

இராமச்சந்திரன் நோயாளி ஒருவரையும் தொட்டுப் பார்த்தவரல்லர். படிகம் எவ்வாறு அமைந்துள்ளது, புரதம் எவ்வாறு மடிகிறது, நிழலிலிருந்து வடிவம் எவ்வாறு பிறக்கிறது என்று அறிவின் பொருட்டே கேட்டார். உடனடிப் பயனை எண்ணாமல் கேட்ட கேள்விகளே பயன் தந்தன. தாமிரபரணிக் கரையின் சிற்றூரிலிருந்து தீராத் தலைவலியோடு ஒருவர் இன்று பாளையங்கோட்டையில் உள்ள அரசு மருத்துவமனைக்கு வருகிறார். அவர் சி.டி. கருவிக்குள் படுக்கிறார், சிறிது நேரத்தில் எழுந்துவிடுகிறார். கீறலும் இல்லை, வலியும் இல்லை. உள்ளே இருப்பதை மருத்துவர் திரையில் காண்கிறார். அத்திரையின் தெளிவுக்குப் பின்னே, அதே ஆற்றங்கரை ஊரொன்றைத் தன் முதலெழுத்தில் தாங்கிய பெயர் ஒன்று அமைதியாக நிற்கிறது.

தெரிந்து தெளிவோம்

சென்னை அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கம் ஒன்றுக்கு முச்சுருள் அரங்கம் என்று பெயர். கொலாஜனின் அமைப்பைச் சென்னையில் கண்டறிந்ததன் நினைவாக அப்பெயர் சூட்டப்பட்டுள்ளது.